பல்பு மாற்றினால் ஏ.சி. வாரண்டி போகுமா?

கேள்வி: கார் எடுத்து மூன்று மாதம்தான் ஆகிறது. புதுச்சேரியில் ஒரு கடையில் ஹெட்லைட்டுக்கு 100 வாட் பல்பும் 15 இன்ச் சக்கரத்துக்குப் பதில் 17 இன்ச் அலாய் வீலும் போட்டேன். இப்போது ஏ.சி.யில் காஸ் கசிகிறது. சர்வீஸுக்கு விட்டால் 'வெளியே கை வைத்துவிட்டீர்கள், வாரண்டி மொத்தமும் போச்சு' என்கிறார்கள். உண்மையா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மொத்தமும் எப்படிப் போகும்? ஏ.சி. காஸ் கசிவதற்கும் அலாய் வீலுக்கும் என்ன சம்பந்தம்? வாரண்டி புத்தகத்தை எடுத்து, மாற்றங்களைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று முதலில் படியுங்கள். சில கம்பெனிகள் கொஞ்சம் கறாராகவே எழுதியிருக்கும். ஆனால் பொதுவாக, நீங்கள் மாற்றியதால் வந்த பழுதுக்குத்தான் பொறுப்பில்லை என்பார்கள். அதனால் எந்த மாற்றத்தால் ஏ.சி. கெட்டது என்று ஜாப் கார்டிலேயே (சர்வீஸுக்கு விடும்போது வேலை விவரம் எழுதும் சீட்டு) எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை எழுதித் தா என்றால் பாதிப் பேர் இறங்கி வந்துவிடுவார்கள். மசியவில்லையா, கம்பெனிக்கு மெயில், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

சரி, எனக்குக் கவலை அந்தப் பல்புதான். சாதாரண ஹெட்லைட் பல்பு ஹை பீமில் 60 வாட், 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் என்றால் 8-க்கு மேல். அதே மெல்லிய வயரில், அதே பிளாஸ்டிக் ஹோல்டரில்! ஹோல்டர் பழுப்பேறி உருகியிருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். கடைக்காரர் கப்ளரும் (வயரை வெட்டாமல் செருகும் இணைப்பு) ரிலேவும் (பேட்டரியிலிருந்து பல்புக்கு நேராகக் கரண்ட் விடும் ஸ்விட்ச்) வைத்துச் செய்திருந்தால் பரவாயில்லை, வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருந்தால் நாளைக்கு எலக்ட்ரிக்கலில் எது போனாலும் சர்வீஸ்காரர்கள் அந்த டேப்பைத்தான் காட்டுவார்கள், அதில் அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. நம் ஊர் உப்புக் காற்றுக்கு அந்த மாதிரி ஜாயின்ட் சீக்கிரமே பச்சை பூத்துவிடும்.

அலாய் வீல்? வீல் பேரிங், சஸ்பென்ஷன் பக்கம் க்ளெய்ம் கேட்டால் இழுபறிதான். டயரோடு சேர்ந்த மொத்த விட்டம் பழைய அளவுக்கு ஒத்து வரவில்லை என்றால் ஸ்பீடோமீட்டரும் தப்பாகக் காட்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொன்னீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

100 வாட்டைக் கழற்றிவிட்டு காரோடு வந்த பல்பையே மாட்டுங்கள். அதை அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு வரவில்லையே?