வாயால் சொன்ன தள்ளுபடி

கேள்வி: எங்கள் மலைக்கிராமத்துப் பழங்குடியினர் கொடுத்த வன உரிமை மனுக்கள் தள்ளுபடி ஆகிவிட்டன என்று வனக் காவலர் சொல்லிவிட்டுப் போனார். உச்ச நீதிமன்றமே காலி செய்யச் சொல்லிவிட்டதாமே? இனி வழி உண்டா?
– மலைக்கிராமப் பள்ளி ஆசிரியர் ஒருவர்

பதில்: வனக் காவலருக்கு அந்த அதிகாரமே கிடையாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி மனுவை முதலில் பார்ப்பது கிராம சபை. அதற்கு மேல் கோட்ட அளவிலான குழு, கடைசியாகக் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு. இந்தக் குழுக்கள் மனுவைத் தள்ளினால், காரணத்தை எழுதி மனுதாரர் கையில் கொடுத்தாக வேண்டும். தள்ளியது கிராம சபையோ கோட்டக் குழுவோ என்றால், அதற்கு மேலுள்ள குழுவிடம் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்; மாவட்டக் குழுவின் முடிவே இறுதி. மேல்முறையீட்டைக் கேட்கும் குழு நினைத்தால் இன்னும் 30 நாள் தரலாம். உங்கள் ஊரில் தாளே வரவில்லை. ஆகவே அந்த 60 நாள் இன்னும் தொடங்கவே இல்லை.

மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 13 அன்று உத்தரவிட்டது உண்மைதான். அதே மாதம் 28ஆம் தேதி அந்த உத்தரவை அதே நீதிமன்றம் நிறுத்தி வைத்ததும் உண்மை. முதல் செய்தியை மலை முழுக்கப் பரப்பியவர்கள் இரண்டாவதை ஏன் சொல்லவில்லை? பரிசீலனை முழுதாக முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது சட்டத்தின் 4(5) பிரிவு.

மனுக்கள் மீது தீர்மானம் போட்டது எந்தக் கிராம சபை என்று கேளுங்கள். பெரும்பாலும் கோளாறு இங்கேதான். பஞ்சாயத்தின் பெரிய ஊரில் சபையைக் கூட்டினால் மலைவாசிகள் அங்கே சிறுபான்மை. அவர்கள் பேச்சு எடுபடாது. வருவாய்க் கணக்கில் ஏறாத பழைய குடியிருப்பையும் இந்தச் சட்டம் கிராமமாகவே ஏற்கிறது. சபைக்குப் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். கையெழுத்துத் தாளின் நகலை வாங்கி எண்ணிப் பாருங்கள். சிற்றூர்ச் சபையின் பலத்துக்கு ஓர் உதாரணம்: ஒடிசாவின் நியம்கிரி மலையில், உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பை அடுத்துக் கூடிய 12 சிற்றூர்ச் சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன, சுரங்கம் வரவில்லை.

பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே நிலத்தில் இருந்ததைக் காட்ட இரண்டு சான்றுகளாவது வேண்டும். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, வெட்டிய கிணறு, கட்டிய வரப்பு, இடுகாடு, மனுதாரர் அல்லாத மூத்தவரின் எழுதப்பட்ட வாக்குமூலம், எல்லாமே செல்லும். செயற்கைக்கோள் படத்தில் தெரியவில்லை என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளக் கூடாது. முன்பு யார்மீதாவது ஆக்கிரமிப்பு வழக்கு போட்டிருந்தால் அந்தக் கோர்ட்டுத் தாளைக் கிழித்துப் போட விடாதீர்கள். 2005க்கு முந்தையது என்றால், அவர் அப்போதே அந்த நிலத்தில் இருந்தார் என்று அரசுத் தரப்பே பதிவு செய்த ஆவணம் அது.