19 நாள் குழந்தையின் பெயரில் 18 வருடப் பாலிசி: இப்போதே எடுக்க வேண்டுமா?

கேள்வி: எங்களுக்கு இது முதல் குழந்தை, பெண். பிறந்து இன்றோடு 19 நாள். சிசேரியன். மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை கூடியதால் ஒளி சிகிச்சை கொடுத்தார்கள், ஆஸ்பத்திரியில் கூடுதலாக 3 நாள் இருக்க வேண்டியதாயிற்று. அவசரத்துக்கு என்று 6 மாதச் செலவுக்கான பணம் வைத்திருந்தோம். அதில் பாதி போய்விட்டது. என் சம்பளம் 100 என்று வைத்துக்கொண்டால் மனைவியின் சம்பளம் 70. வீட்டுச் செலவும் கடன் தவணையுமாக மாதம் 125 ஆகும். குழந்தை வந்தபின் அது 140 ஆகிவிட்டது. மனைவிக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு இன்னும் 2 மாதம் இருக்கிறது. அதற்குப் பிறகு 3 மாதம் சம்பளமில்லாத விடுப்பு எடுக்க விரும்புகிறாள். இந்த நேரத்தில் நெருங்கிய நண்பர் ஒருவர் குழந்தை பெயரில் கல்விப் பாலிசி எடுக்கச் சொல்கிறார். மாதம் 10 வீதம் 18 வருடம் கட்ட வேண்டும். 'ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடுவதும் குழந்தைக்குத்தான் நஷ்டம்' என்கிறார். படிவம் மேசை மேல் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: குழந்தைக்கும் அம்மாவுக்கும் என் வாழ்த்துகள். படிவத்தை மடித்து உள்ளே வையுங்கள். இப்போது கையெழுத்து வேண்டாம்.

நீங்கள் கொடுத்த எண்களையே வைத்துப் பார்ப்போம். கையில் மிச்சம் இருப்பது பழைய கணக்கில் 3 மாதச் செலவு, அதாவது 375. அடுத்த 2 மாதம் இரண்டு சம்பளமும் வரும், மாதம் 30 மிஞ்சும். அது 60. அப்புறம் 3 மாதம் உங்கள் சம்பளம் மட்டும்தான். மாதம் 40 வீதம் சேமிப்பிலிருந்து 120 இறங்கும். ஐந்து மாத முடிவில் கையில் இருக்கப்போவது 315. இன்றைய செலவுக்கு அது இரண்டேகால் மாதம் தாங்கும். பாலிசியும் சேர்ந்தால் 265. இரண்டு மாதத்துக்குக்கூடக் காணாது. இந்தக் கணக்கில் குழந்தைக்கு ஒரு தடவை காய்ச்சல் வந்ததாகக்கூட நான் சேர்க்கவில்லை.

நண்பர் சொல்லும் நஷ்டத்தையும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வருடத்துக்கு 8 சதவீதம் வளர்ச்சி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 10 வீதம் 18 வருடம் போட்டால் ஒரு தொகை வரும். அதே தொகையை அதே நாளில் எட்ட, ஆறு மாதம் தாமதமாகத் தொடங்குபவர் மாதம் சுமார் 10.50 போட வேண்டும். முழுதாக ஒரு வருடம் தாமதித்தவர் 11-க்குக் கொஞ்சம் மேலே. காத்திருப்பதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அவ்வளவுதான், ஒரு சம்பள உயர்வில் அது சரியாகிவிடும். ஆனால் இப்போது தொடங்கி, பணம் போதாமல் எட்டாவது மாதத்தில் பாலிசியை நிறுத்தினால்? இப்படிப்பட்ட பாலிசிகள் பலவற்றில் முதல் வருடத்திலேயே நிறுத்தினால் கட்டியதில் பெரும்பகுதி திரும்பி வராது. இரண்டு நஷ்டங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. என் மகள் பிறந்த பன்னிரண்டாம் நாள், கையில் இருந்ததில் முக்கால் பங்கை அவள் பெயரில் ஐந்து வருட வைப்புத்தொகையில் போட்டேன். நல்ல அப்பா செய்ய வேண்டிய முதல் காரியம் அதுதான் என்று மனதார நம்பினேன். மூன்றாவது வாரம், இரவு இரண்டு மணி இருக்கும், அவள் உடம்பு சுட்டது. தெர்மாமீட்டரில் 38.4. போன இடத்தில் முன்பணம் கட்டச் சொன்னார்கள். கிரெடிட் கார்டைத்தான் நீட்டினேன். அந்தக் கடனை அடைக்க நாலு மாதம் ஆயிற்று. மாதம் 3 சதவீத வட்டி என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும், வருடம் முழுக்க அப்படியே விட்டால் கூட்டு வட்டியில் அது 42 சதவீதத்தைத் தாண்டும். வைப்புத்தொகை அதில் ஆறில் ஒரு பங்குகூடக் கொடுக்கவில்லை. மகள் நலமாகத் திரும்பினாள். ஆனால் அந்த ராத்திரி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பணத்துக்காகக் கவுண்டர் முன்னால் நின்ற நேரத்தை நான் மறக்கவில்லை. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் எடுக்கக்கூடிய இடத்தில் பணம் இருக்க வேண்டும்.

பாலிசி காத்திருக்கட்டும். காத்திருக்க முடியாத ஒன்று இருக்கிறது. உங்கள் மருத்துவக் காப்பீட்டில் குழந்தையின் பெயரைச் சேர்த்துவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிறந்த குழந்தையைச் சேர்க்கப் பல திட்டங்களில் கெடு உண்டு. சிலவற்றில் 30 நாள்தான், சிலவற்றில் 60 அல்லது 90. உங்களுடையது 30 நாள் என்றால் இன்னும் 11 நாள்தான் மிச்சம். நாளைக் காலை முதல் வேலையாகக் கேளுங்கள், மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஒளி சிகிச்சை செலவு அம்மாவின் கணக்கில் வருமா, குழந்தையின் கணக்கில் வருமா என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். போனதாக நீங்கள் நினைக்கும் பணத்தில் ஒரு பகுதி திரும்பி வரலாம்.

அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறந்தவுடன் பதிவு செய்யப்படுவது குழந்தையின் உரிமை என்று 1989-இல் ஐ.நா. கொண்டுவந்த குழந்தை உரிமை உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவே சொல்கிறது. ஒரு சின்ன விஷயம், ஆனால் பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: ஆஸ்பத்திரிக் காகிதங்களில் குழந்தைக்குப் பெயர் இருக்காது, 'இன்னாரின் குழந்தை' என்றுதான் இருக்கும். பிறகு நீங்கள் வைக்கும் பெயரும் அந்தக் காகிதமும் ஒரே குழந்தையுடையவை என்று காட்ட வேண்டி வரும். டிஸ்சார்ஜ் சுருக்கம், எல்லா பில்களும், குழந்தையின் காலில் கட்டியிருந்த அடையாளப் பட்டை உட்பட ஒரே கவரில் போட்டு வையுங்கள். அம்மாவின் பெயர் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுவது நல்லது.

நண்பரின் பாலிசி குழந்தையின் பெயரில். ஆனால் அந்தக் குழந்தைக்குச் சோறு போடுவது உங்கள் இரண்டு சம்பளங்கள். காப்பீடு செய்ய வேண்டியது அந்தச் சம்பளங்களைத்தான். சேமிப்பு எதுவும் கலக்காத, நீங்கள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் இன்ஷூரன்ஸ் உங்களுக்கு இருக்கிறதா? இல்லையென்றால் இந்த மாதமே விண்ணப்பியுங்கள். வருடச் சம்பளத்தைப் போல 10 முதல் 15 மடங்கு என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. வீட்டுக் கடன் இருந்தால் அதையும் மேலே சேர்த்துக்கொள்ளுங்கள். மனைவிக்கும் வேண்டும். 70 வருமானம் நின்றால் வீடு தள்ளாடும் என்பதை அடுத்த சில மாதங்களில் நீங்களே பார்க்கப் போகிறீர்கள். பிரசவமாகிச் சில வாரங்கள் கழித்தே விண்ணப்பத்தை ஏற்கும் நிறுவனங்களும் உண்டு, அதனால் அவருடையது கொஞ்சம் பிந்தலாம். வாரிசு நியமனத்தில் ஆசையாகக் குழந்தையின் பெயரை எழுதிவிடாதீர்கள். மைனரின் கையில் பணம் நேரே போகாது, பாதுகாவலர் யார் என்ற கேள்வி வரும். இப்போதைக்கு ஒருவர் பெயரை மற்றவர் எழுதுவதே சுலபம்.

சரி, குழந்தை வந்தபின் மாதாமாதம் கூடிய அந்த 15 எங்கே போகிறது? இதில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். பிறந்த குழந்தையின் எடை முதல் சில நாளில் குறையும், 7 முதல் 10 சதவீதம் வரைகூட. பத்து பதினாலு நாளில் பழைய எடைக்குத் திரும்பும், அப்புறம் நாளுக்கு 25, 30 கிராம் என்று ஏறும். அதனால் பிறந்த குழந்தை அளவு என்று விற்கும் சட்டையும் டயப்பரும் சில வாரம்தான் பொருந்தும். ஒரு நாளைக்குப் பத்து டயப்பர் போகிறதே என்று சின்ன அளவில் பெரிய பெட்டியாக வாங்கி அடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத ஆறு சட்டைகள் ஒரு டிராயர் நிறைய இருந்தன, ஆறாவது வாரம் எடுத்துப் பார்த்தபோது ஒன்றுகூட அவள் தோளைத் தாண்டி இறங்கவில்லை.

தொட்டிலோடு தலையணை, பஞ்சுத் தடுப்பு, மெத்தென்ற போர்வை எல்லாம் சேர்த்து அழகான செட்டாக விற்பார்கள். அதை வாங்கவே வேண்டாம். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், சமமான, கெட்டியான மெத்தை போதும், சுற்றிலும் மெத்தென்று எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் மருத்துவர்களின் அறிவுரை. பாதுகாப்பானதே விலை குறைந்ததாகவும் இருக்கும் அபூர்வமான இடம் இது. காரில் குழந்தை இருக்கை தேவைப்பட்டால் அதில் மட்டும் கஞ்சம் வேண்டாம். விபத்தில் சிக்கியதா என்று தெரியாத பழைய இருக்கையை வாங்காதீர்கள்.

குறைக்கவே கூடாத செலவு உங்கள் மனைவிக்கானது. பத்தொன்பது நாள் முன்பு அவருக்கு வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அதோடு ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுக்கிறார் என்றால் இரண்டு மணி நேரம் தொடர்ந்து தூங்குவதே பெரிது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தாய்ப்பால் செலவில்லாதது என்று சொல்பவர்கள் அம்மாவின் நேரத்தைக் கணக்கில் எழுதுவதில்லை. பால் கொடுப்பதில் சிரமம் இருந்தால் அதற்கென்றே இருக்கும் ஆலோசகருக்கு ஒரு முறை பணம் கொடுங்கள். மருத்துவர் பால் பவுடர் எழுதிக் கொடுத்தால் குற்ற உணர்ச்சி இல்லாமல் அதைப் பட்ஜெட்டில் சேருங்கள். டப்பாவில் போட்டிருக்கும் அளவைவிடத் தண்ணீரைக் கூட்டி மிச்சம் பிடிக்க மட்டும் நினைக்காதீர்கள், குழந்தைக்கு ஆபத்து.

வீட்டு வேலைக்கு ஓர் ஆள் வைக்க முடியுமானால் பாலிசிக்கு என்று நினைத்த அந்த 10-ஐ ஐந்து மாதம் அதற்குக் கொடுங்கள். இதற்கு மட்டும் சேமிப்பு 265-க்கு இறங்கினாலும் எனக்குச் சம்மதமே, ஏனென்றால் பணம் இறுகினால் இந்தச் செலவை அடுத்த மாதமே நிறுத்திவிடலாம். 18 வருட ஒப்பந்தத்தை அப்படி நிறுத்த முடியாது. பிரசவித்த பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு, முக்கியமாக மனச்சோர்வு, வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எட்டில் ஒருவர். உங்கள் மனைவி காரணமில்லாமல் அழுதால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் கிடந்தால், 'எல்லாருக்கும் இப்படித்தான்' என்று விடாதீர்கள். ஆறாவது வாரப் பரிசோதனையைச் செலவு மிச்சம் என்று தள்ளவும் கூடாது.

சம்பளமில்லாத அந்த 3 மாத விடுப்பையும் எடுக்கச் சொல்லுங்கள். அதற்குச் சேமிப்பிலிருந்து 120 இறங்கும், இறங்கட்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை மகப்பேறு விடுப்பின் குறைந்தபட்ச அளவாகவே 14 வாரத்தைச் சொல்கிறது, அறுவை சிகிச்சையிலிருந்து எழுந்த ஒருவர் அதற்குமேல் கேட்பதில் தவறே இல்லை. விண்ணப்பிக்கும் முன் அலுவலகத்தில் இரண்டு விஷயம் கேட்கட்டும்: சம்பளமில்லாத மாதங்களில் அலுவலக மருத்துவக் காப்பீடு தொடருமா, பிரீமியத்தை அவரே கட்ட வேண்டுமா? மூன்றாவது மாதம் பாதி நேர வேலையாகத் திரும்ப முடியுமா? முடிந்தால் அந்த ஒரு மாதத்தில் 35 வந்துவிடும்.

மிச்சமிருக்கும் 375-இல் ஒரு மாதச் செலவு உங்கள் இருவர் பெயரிலும் உள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மீதி, ஒரே நாளில் எடுக்கக்கூடிய இடத்தில். கார்டின் ரகசிய எண் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி ஓட வேண்டி வந்தால் யார் ஓடுவார்கள் என்று முன்கூட்டியே தெரியாது.

நண்பரிடம், மனைவி வேலைக்குத் திரும்பிய பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். வருத்தப்பட்டால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள். மனைவி வேலைக்குப் போகத் தொடங்கியதும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு என்று புதிதாக ஒன்று வரும். அது எவ்வளவு என்று தெரிந்து, இரண்டு சம்பளமும் இரண்டு மாதம் வந்தபின் எனக்கு மறுபடி எழுதுங்கள். கல்விக்கு எவ்வளவு, எதில் போடுவது என்று அந்த எண்களை வைத்துப் பார்க்கலாம். காப்பீட்டு மின்னஞ்சலை மட்டும் நாளைக்கே அனுப்பிவிடுங்கள்.