ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனால் பாவமா?

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு, ஓய்வுநாளைப் பற்றியவை. வேறு வேறு ஆட்கள் எழுதியவைதான், ஆனால் ஒன்றைத் தொட்டால் மற்றதும் வந்துவிடுகிறது, அதனால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

அண்ணா, தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் ஆறு வருடமாக சேலைப் பிரிவில் நிற்கிறேன். எங்களுக்கு ஞாயிறுதான் கூட்டம், வார லீவு செவ்வாய்க்கிழமை. எங்கள் சபை மூப்பர் ஒருவர், "நீ நாலாம் கட்டளையை மீறுகிறாய்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். வேலையை விட முடியாது. நான் செய்வது பாவமா?
*பெயர் வேண்டாம், வியாசர்பாடி*

இல்லை தங்கச்சி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

மூப்பர் அன்று காலை சபைக்கு மாநகரப் பேருந்தில் வந்திருந்தால், ஓட்டுநரும் நடத்துநரும் வேலையில்தான் இருந்திருப்பார்கள். (இதை அவரிடம் கேட்டுவிடாதீர்கள், வம்பு.) பாஸ்டருக்கே ஞாயிறுதான் வேலை அதிகம். ஆலயத்தில் ஆசாரியர்கள் ஓய்வுநாளில் வேலை செய்தும் குற்றமில்லாமல் இருக்கிறார்களே என்று மத்தேயு 12-ல் இயேசுவே கேட்கிறார்.

சரி, ஓய்வுநாளை ஆசரி என்கிற அந்த நாலாம் கட்டளைக்கு வருவோம். பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடத்தில் வருகின்றன. யாத்திராகமம் 20-ல், கர்த்தர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார், அதனால் நீயும் ஓய்ந்திரு என்று இருக்கிறது. உபாகமம் 5-ல் அதே கட்டளைக்குக் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை மறக்காதே, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போல இளைப்பாற வேண்டும். இந்த இரண்டாவது காரணத்தை நம் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை. எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேல் ஜனங்கள் செங்கல் அறுத்தார்கள். மூன்று நாள் விடுங்கள், போய் ஆராதனை செய்துவிட்டு வருகிறோம் என்று கேட்டதற்கு அந்நாட்டு அரசன் பார்வோன், நீங்கள் சோம்பேறிகள் என்று திட்டி, வைக்கோல் தருவதையும் நிறுத்திவிட்டு, கணக்கில் ஒரு செங்கல்கூடக் குறையக் கூடாது என்றான். டார்கெட் என்ற வார்த்தை அப்போது இல்லை, அவ்வளவுதான். அந்த ஊரைவிட்டு வெளியே வந்தவர்களுக்குத்தான் வாரம் ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார் என்று சட்டம் வந்தது, அதுவும் வீடு, மாடு, வேலையாட்கள் என்று வைத்திருக்கிறவனைப் பார்த்து, உன்னிடம் வேலை செய்கிறவர்களையும் விடு என்று சொல்கிற சட்டமாக. அப்படியென்றால் இதில் பதில் சொல்ல வேண்டிய முதல் ஆள் கல்லாவில் இருக்கிறவர், நீங்கள் இல்லை.

அப்புறம் ஒன்று. ஆதிச் சபைக்கும் ஞாயிறு விடுமுறை கிடையாது. அவர்களில் அடிமைகள் பலர், ரோமப் பேரரசில் அது ஒரு சாதாரண வேலை நாள். சுமார் 112-ல் பிளினி என்ற ரோம ஆளுநர் தன் பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கிறிஸ்தவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியும் முன்பே கூடிக் கிறிஸ்துவைப் பாடுகிறார்கள் என்று சொல்கிறார். கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வு நாளாக அறிவித்தது 321-ல், அப்போதும் விவசாயிகளுக்கு விலக்கு இருந்தது. ஆக கிட்டத்தட்ட முந்நூறு வருடம், விடியலில் பாடிவிட்டு வேலைக்குப் போனவர்கள்தான் இந்த விசுவாசத்தைக் காப்பாற்றினார்கள். உங்கள் நிலைமையும் அதுதான். முதல் ஆராதனைக்கோ மாலை ஆராதனைக்கோ போக முடிகிறதா பாருங்கள், முடியாத வாரம் முடியாது.

எனக்குக் கவலை உங்கள் செவ்வாய்க்கிழமையைப் பற்றித்தான். துணி துவைக்க, ரேஷன் கடைக்குப் போக, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு ஓட என்று அந்த நாளும் போய்விடும் என்று தெரியும். பாதி நாளாவது யாருக்கும் கொடுக்காமல் வையுங்கள், ஜெபிக்கலாம், தூங்கலாம், இரண்டும் ஓய்வுநாள்தான். கடையில் நிற்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. உங்கள் பிரிவில் நாற்காலி இருக்கிறதா?

நான் கிறிஸ்தவன் இல்லை, நண்பன் கொடுத்த பைபிளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் வல்ல கடவுள் ஏழாம் நாள் ஓய்வெடுத்தார் என்றால், அவருக்கே களைப்பா?
*கல்லூரி மாணவர், தாம்பரம்*

மழை ஓய்ந்தது என்கிறோமே, மழைக்குக் களைப்பா தம்பி? நின்றது, அவ்வளவுதான். எபிரெயத்தில் அந்த இடத்தில் வரும் சொல்லுக்கும் நிறுத்துதல் என்பதுதான் முதல் பொருள், சபாத் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான். தமிழ் மொழிபெயர்ப்பில் 'ஓய்ந்திருந்தார்' என்று போட்டவர் யாரோ, நல்ல காது அவருக்கு. வேலை முடிந்தது, நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு நிறுத்தினார். இன்னொரு வேடிக்கையும் கவனியுங்கள்: மனிதன் படைக்கப்பட்டது ஆறாம் நாள். அவனுக்குக் கிடைத்த முதல் முழு நாளே லீவுதான், அதற்கு அவன் ஒன்றும் உழைத்திருக்கவில்லை.

சனிக்கிழமைதான் உண்மையான ஓய்வுநாள், ஞாயிறு மனிதர் ஏற்படுத்தியது என்று பக்கத்து வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுக்கிறார். எது சரி?
*ஒரு வாசகர், அம்பத்தூர்*

கிழமையில் அவர் சொல்வது சரி. ஏழாம் நாள் சனிதான், யூதர்களுக்கு வெள்ளி சூரியன் மறைந்ததும் தொடங்கிச் சனி சூரியன் மறையும்வரை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் இன்றும் அதைத்தான் ஆசரிக்கிறார்கள். ஞாயிறு வேறு நாள், இயேசு உயிர்த்தெழுந்த வாரத்தின் முதல் நாள். அப்போஸ்தலர் 20-ல் அப்பம் பிட்க அந்த நாளில் கூடுகிறார்கள். ஒன்றின் பெயரை இன்னொன்றுக்கு வைத்துக் குழப்பியது நாம்தான், ஞாயிற்றுக்கிழமை நடத்தும் வகுப்புக்கு ஓய்வுநாள் பாடசாலை என்று பெயர் வைத்திருக்கிறோம் (நானே அதில் இருபது வருடம் பாடம் எடுத்தேன்).

ஆனால் கிழமையை வைத்துப் பக்கத்து வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். ஓய்வுநாளைக் குறித்து ஒருவரும் உங்களைக் குற்றப்படுத்தாதிருக்கட்டும், அது நிழல், பொருள் கிறிஸ்து என்று கொலோசெயர் 2-ல் பவுல் எழுதுகிறார். எபிரெயர் 4 இன்னும் ஒரு படி மேலே போகிறது, தேவன் தம் வேலையை முடித்து ஓய்ந்தது போல விசுவாசியும் தன் கிரியைகளை விட்டு ஓய்ந்திருக்கிறான் என்கிறது. இவ்வளவு ஜெபித்தேன், இத்தனை நாள் உபவாசம் இருந்தேன், இன்னும் போதாதோ என்று பயந்துகொண்டே இருக்கிறோமே, அந்த ஓட்டத்தை நிறுத்துவதும் ஓய்வுதான். இது சனிக்கிழமைக்காரருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்காரருக்கும் பொது, இரண்டு பேருக்கும் கஷ்டம்.

ஞாயிறு என்றால் எனக்குத்தான் வேலை அதிகம். ஐந்தரைக்கு எழுந்து மட்டன் கழுவி மசாலா போட்டு வைத்துவிட்டு ஆராதனைக்கு ஓடுகிறேன், பிரசங்கத்தில் பாதி காதில் விழாது. வந்ததும் பத்துப் பேருக்குப் பிரியாணி. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் அன்று லீவு கொடுத்திருக்கிறேன். எனக்கு எப்போது ஓய்வுநாள்?
*இல்லத்தரசி, பெரம்பூர்*

அந்த அக்காவுக்கு லீவு கொடுத்தீர்களே, அவர் கட்டளையில் பெயர் சொல்லி வருகிறவர். படித்துப் பாருங்கள்: நீ, மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலில் இருக்கும் அந்நியன். மனைவி மட்டும் பட்டியலில் இல்லை. 'நீ' என்பதில் மனைவியும் அடக்கம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நம்புகிறேன், ஆனால் நம் வீடுகளில் அவளை நிஜமாகவே விட்டுவிட்டோம்.

என் அம்மா தெற்கத்திப் பக்கம். சனிக்கிழமை ராத்திரியே மீன்குழம்பு வைத்துவிடுவார், ஞாயிறு அடுப்பில் சோறு மட்டும்தான். கடைக்குப் போகக் கூடாது, கோலி விளையாடக் கூடாது என்று எங்களுக்கும் ஏகப்பட்ட தடை, அதனால் அந்த நாளையே வெறுத்தேன். சென்னைக்கு வந்து கல்யாணம் ஆனதும், அந்தப் பழைய சட்டமெல்லாம் எதற்கு என்று ஞாயிறு பிரியாணியைத் தொடங்கி வைத்தவன் நான்தான். எனக்குச் சுதந்திரம் வந்தது, என் மனைவிக்கு வேலை வந்தது. அம்மா அந்த மத்தியான நேரத்தில் முந்தானையை விரித்துத் தரையில் படுத்துத் தூங்குவார், வாரத்தில் வேறு எந்த நாளும் அவர் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. இது எனக்குப் புரிய முப்பது வருடம் ஆனது.

சீனாய் மலையில் கட்டளை வருவதற்கு முன்பே, யாத்திராகமம் 16-ல், வனாந்தரத்தில் அந்த ஜனங்களுக்கு வானத்திலிருந்து வந்த உணவான மன்னா ஆறாம் நாளில் இரட்டிப்பாகக் கிடைக்கிறது. சுட வேண்டியதைச் சுட்டு, வேகவைக்க வேண்டியதை வேகவைத்து, மீந்ததை நாளைக்கு வை என்கிறார் மோசே. ஓய்வுநாளைப் பற்றிய முதல் உத்தரவே சமையலைப் பற்றியதுதான் அம்மா. இந்தப் பக்கத்தை வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். பிரியாணியைச் சனிக்கு மாற்றலாம், இல்லை அவரும் அவர் தம்பியும் அடுப்பைப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு பழைய மீன்குழம்பு, சோறு வடிப்பது நான். மற்ற இரண்டு ஞாயிறு இன்னும் பாக்கி இருக்கிறது.