சிறுநீரகக் கல்லுக்குக் கண்ணாடி இழை: உள்ளே உடைந்துவிடுமா?

கேள்வி: நான் இணைய ஃபைபர் கேபிள்களை ஒட்டும் வேலை செய்கிறேன். என் தாயாருக்கு வயது 58, சர்க்கரை நோய் உண்டு. இடது சிறுநீரகத்தில் 14 மி.மீ. கல் இருப்பதால், சிறுநீர்ப் பாதை வழியே ஃபைபரைச் செலுத்தி லேசரால் பொடியாக்கலாம் என்கிறார்கள். வேலையில் ஒரு துணுக்கு விரலில் ஏறினாலே எடுப்பது பெரும்பாடு. அது சிறுநீரகத்துக்குள் உடைந்தால் என்ன ஆகும்? லேசர் உள்ளே சுட்டுவிடாதா?
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: ஃபைபர் எவ்வளவு எளிதில் ஒடியும் என்பதைக் கையால் அறிந்தவர் நீங்கள், உங்கள் அச்சம் நியாயமானது. இரண்டுமே முழு அக எதிரொளிப்பால், அதாவது ஒளி வெளியே கசியாமல் உள்ளேயே திரும்பத் திரும்பத் தெறித்துச் செல்வதால், ஒளியைக் கடத்தும் சிலிக்கா (கண்ணாடி) இழைகள்தாம் என்றாலும், நீங்கள் ஒட்டும் இழையின் கண்ணாடி 125 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமனே கொண்டது, அதையும் உறையை உரித்துவிட்டுத்தான் கையாளுகிறீர்கள். மருத்துவர்களாகிய நாங்கள் கல்லை உடைக்கப் பயன்படுத்தும் இழையில் ஒளி செல்லும் நடுப்பகுதியே ஏறத்தாழ 200 முதல் 270 மைக்ரான் இருக்கும். அதன் நெகிழி உறையும் நுனிவரை பெரும்பாலும் உரிக்கப்படாமலே இருக்கும்.

சுடுமா என்பதற்கு விடை அலைநீளத்தில் இருக்கிறது. கண்ணாடி மிகக் குறைவாக உறிஞ்சும் ஒளி என்பதால் தொலைதூரக் கேபிள்களுக்கு 1550 நானோமீட்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். கல்லை உடைக்கப் பரவலாகப் பயன்படும் ஹோல்மியம் லேசரின் அலைநீளம் ஏறத்தாழ 2100 நானோமீட்டர். அதைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிவிடும் என்பதாலேயே அது எங்களுக்கு ஏற்றது. நுனி கல்லைத் தொடும்போது கல் பொடியாகிறது. நுனியிலிருந்து அரை மில்லிமீட்டர் தண்ணீரைத் தாண்டுவதற்குள் அதன் வீரியம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. எனினும் அந்தத் தண்ணீர் சூடாகும் என்பதால், சிகிச்சை முழுவதும் உப்புநீரை ஓடவிட்டுக்கொண்டே இருப்போம்.

இழை ஒடிவது அரிது, ஆனால் நடக்கக்கூடியதே. கூர்மையாக வளைந்த நிலையில் முழு ஆற்றலைச் செலுத்தும்போதுதான் அந்த ஆபத்து அதிகம். ஆகவே கருவியை நேராக வைத்துக்கொண்டு இழையை நுழைத்து, அதன் நுனி திரையில் தெளிவாகத் தெரிந்த பிறகே லேசரை இயக்குவோம். துண்டு ஏதேனும் உடைந்தால், கல்லை அள்ளும் கம்பிக்கூடையால் எடுத்துவிடலாம். நுனி சிறிது தேய்வது வழக்கம்தான். அந்த நுண்துகள்கள் கல்பொடியோடு சேர்ந்து வெளியேறிவிடும்.

இழையைவிட என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது நோய்த்தொற்று. உங்கள் தாயாருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், சிகிச்சைக்கு முன் சிறுநீர் கல்ச்சர் பரிசோதனை கட்டாயம். கிருமி இருந்தால் அதை முதலில் குணப்படுத்த வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர் என்றால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வீடு திரும்பியபின் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பெரும்பாலும் சிறுநீர்க்குழாயில் ஒரு டிஜே ஸ்டென்ட் (சிறுநீர் தடையின்றி வடிய உதவும் மெல்லிய குழாய்) வைத்து அனுப்புவார்கள். அது இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் வருவதும், சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போவதும் இயல்பு. அதை எடுக்க வேண்டிய தேதியைக் கேட்டுக் கைப்பேசியில் பதிந்துவையுங்கள். வலி இல்லையே என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டால், அந்த ஸ்டென்ட் மீதே கல் படிந்து, அதை எடுப்பதற்கே இன்னோர் அறுவை சிகிச்சை தேவைப்படும்.