டிஜிட்டல் செற்றா, உயரமான அன்ரெனாவா? களுவாஞ்சிகுடி வாசகருக்குப் பதில்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அமெச்சூர் வானொலி உரிமம் இப்போதுதான் கையில் கிடைத்தது. வீட்டிலும் வான் வண்டியிலும் மாறி மாறிப் பாவிக்க, 2 மீற்றர், 70 சென்ரிமீற்றர் அலைவரிசைகள் இரண்டும் உள்ள, டிஜிட்டலும் அனலொக்கும் சேர்ந்த மொபைல் செற் (வாகனத்தில் பூட்டும் வானொலிக் கருவி) ஒன்று வாங்க வேண்டும். காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கிற நண்பர்களோடு கதைப்பதுதான் முதல் தேவை. வெள்ளம் வந்து போன் நின்றாலும் இது வேலை செய்ய வேண்டும். டிஜிட்டல் இரண்டு மடங்கு தூரம் போகும் என்று விற்கிறவர் சொல்கிறார். உண்மையா? எந்தச் செற்றை எடுக்கலாம்?"

இரண்டு மடங்குக் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். ஒரே வாற்று, ஒரே அன்ரெனா என்றால் டிஜிட்டலும், அனலொக்கான எஃப்.எம்.மும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான் போகும். வித்தியாசம் எல்லைக்குக் கிட்டத்தான் தெரியும். எஃப்.எம்.மில் இரைச்சல் மெல்ல மெல்ல ஏறும். காது பழகினவர் அந்த இரைச்சலுக்குள்ளும் ஊர்ப் பெயரையும் எண்ணையும் பிடித்துவிடுவார். டிஜிட்டல் கடைசிவரை தெளிவாக இருந்துவிட்டு, தண்ணீருக்குள் கதைப்பதுபோல் குரல் உடைந்து, சட்டென்று நின்றுவிடும். இரைச்சல் இல்லாததால் தூரம் கூடினதுபோல் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

தூரத்தைத் தருவது உயரம். இந்த இரண்டு அலைவரிசைகளும் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரம் மேசைபோலத் தட்டை. இடையில் மலை மறைக்காது, ஆனால் பூமியின் வளைவு மறைக்கும். ஒரு அன்ரெனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து வர்க்கமூலம் காணுங்கள், மற்றதற்கும் அப்படியே காணுங்கள், இரண்டையும் கூட்டி 4.12 ஆல் பெருக்குங்கள். வருவது கிலோமீற்றரில் உங்கள் எல்லை. வான் கூரையில் 2 மீற்றர் உயரத்தில் இருக்கும் இரண்டு அன்ரெனாக்களுக்கு இது 12 கிலோமீற்றர்கூட இல்லை. வீட்டில் 12 மீற்றர், அதாவது 20 அடி ஜீ.ஐ. பைப் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, கம்பி இழுத்துக் கட்டினால், வானோடு 20 கிலோமீற்றர். இரு வீட்டிலும் 12 மீற்றர் என்றால் 28.

உங்கள் வீட்டிலிருந்து காத்தான்குடி நேர்கோட்டில் ஏறத்தாழ 19 கிலோமீற்றர். அங்குள்ள நண்பரும் 12 மீற்றர் ஏற்றினால் சிரமமில்லை. அக்கரைப்பற்று ஏறத்தாழ 34. அதற்கு இரு பக்கமும் 17 மீற்றர் வேண்டும். முடியாவிட்டால் நடுவில் கல்முனைப் பக்கம் உயரமான கட்டடத்தில் இருக்கும் இன்னொரு நண்பர் செய்தியை வாங்கிக் கொடுக்க வேண்டும். நடைமுறையில் 2 மீற்றர் அலை வளைவுக்கு அப்பாலும் கொஞ்சம் எட்டிப்பார்க்கும், தென்னந்தோப்புகளையும் ஓரளவு கடக்கும். 70 சென்ரிமீற்றர் அலையை நனைந்த ஓலை நன்றாகவே குடித்துவிடும். ஆகவே தூரத்துக்கு 2 மீற்றர், ஊருக்குள் 70 சென்ரிமீற்றர். 25 வாற்று செற்றுக்குப் பதில் 50 வாற்று எடுத்தால் கூடுவது 3 டெசிபல், சிக்னல் மீற்றரில் அரைப் படி. அந்தக் காசில் இன்னொரு பைப் ஏற்றுவது மேல்.

அடுத்தது கேபிள். செற்றிலிருந்து பைப்பின் நுனிவரை உங்களுக்கு 20 மீற்றர் போகும் என்று வைப்போம். மெல்லிய ஆர்.ஜி.-58 போட்டால் 70 சென்ரிமீற்றரில், அதாவது 435 மெகாஹேர்ட்ஸில், சுமார் 7 டெசிபல் போய்விடும்: செற் 40 வாற்று கொடுத்தால் மேலே போய்ச் சேருவது 8 வாற்று. ஆர்.ஜி.-213 இல் சுமார் 20, எல்.எம்.ஆர்.-400 இல் சுமார் 26. 2 மீற்றரில், அதாவது 145 மெகாஹேர்ட்ஸில், இழப்பு குறைவு என்றாலும் ஆர்.ஜி.-58 அங்கேயும் பாதிக்கு மேல் தின்றுவிடும். கேட்பதிலும் இதே இழப்பு வரும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வானுக்குள் 4 மீற்றர் ஓடுகிற கேபிளுக்கு ஆர்.ஜி.-58 போதும், வீட்டுக்கு வேண்டாம். ரீவி கேபிள் 75 ஓம், அதையும் தவிருங்கள்.

இனி டிஜிட்டல். சந்தையில் மூன்று வகை உண்டு: டி.எம்.ஆர்., டி-ஸ்டார், சி4எஃப்.எம். ஒன்று கதைப்பது மற்றதற்கு வெறும் இரைச்சல். டி-ஸ்டாரை உருவாக்கியது ஜப்பானிய அமெச்சூர் வானொலிக் கழகம், அதைப் பெரும்பாலும் ஐகொம் செற்களில் காணலாம். சி4எஃப்.எம். யேசு (Yaesu) கம்பனியுடையது. டி.எம்.ஆர். ஐரோப்பிய நியமம், பல கம்பனிகள் செய்வதால் விலை இறங்கி வந்திருக்கிறது. ஆகவே கடைக்குப் போகுமுன் அந்த இரண்டு நண்பர்களுக்கும் ஒரு போன் எடுங்கள். அவர்களிடம் யேசு இருந்தால் எஃப்.டி.எம்.-300டி உங்களுக்குப் பொருந்தும்: வருவது எஃப்.எம்.மா டிஜிட்டலா என்று அதுவே பார்த்து மாறிக்கொள்ளும், முகப்பைக் கழற்றித் தனியாகவும் பூட்டலாம். ஐகொம் இருந்தால் ஐ.டி.-5100. அவர்களிடம் ஒன்றும் இல்லை, மூன்று பேரும் சேர்ந்துதான் வாங்கப்போகிறீர்கள் என்றால், டி.எம்.ஆர். பக்கம் போங்கள். எனிடோன் ஏ.டி.-டி578யூ.வி. வரிசையும் டி.வை.டி. எம்.டி.-9600 உம் வானிலும் வீட்டிலும் உழைக்கக்கூடியவை.

டி.எம்.ஆருக்கு வெள்ள நேரத்தில் உதவும் ஒரு குணம் உண்டு. 12.5 கிலோஹேர்ட்ஸ் அகலத்தை அது 30 மில்லிசெக்கன் துண்டுகளாக வெட்டி, இரண்டு உரையாடல்களுக்கு மாறி மாறிக் கொடுக்கிறது. உங்கள் செற் பாதி நேரமே அலை விடும். கதைக்கும்போது பற்றரியிலிருந்து இழுப்பதும் அந்தளவுக்குக் குறையும். இதே துடிப்புத்தான் பக்கத்திலுள்ள வான் ரேடியோவின் ஸ்பீக்கரில் 'டர்ர்ர்' என்று கேட்கும். செற் பழுது என்று பயப்பட வேண்டாம். ஸ்பீக்கர் வயரை அன்ரெனாக் கேபிளிலிருந்து விலக்கி ஓட்டினால் குறையும்.

கடையில் வைத்தே பார்க்க வேண்டியவை சில. திரையில் இரண்டு சனல் தெரிவதால் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கும் என்று நினைக்காதீர்கள். பல மலிவுச் செற்களில் இருப்பது ஒரே ரிசீவர். அது இங்கும் அங்கும் தாவும். கைச் செற் இரண்டால் இரண்டு சனலிலும் ஒரே நேரத்தில் கதைக்கச் சொல்லுங்கள். இரண்டு குரலும் சேர்ந்து கேட்டால் இரட்டை ரிசீவர். ஒன்று மட்டும் கேட்டால் தாவுகிற வகை. அடுத்தது, கம்பியூட்டர் இல்லாமல் முகப்பிலோ மைக்கிலோ எண்ணை அமத்திப் புதிய அலைவரிசை, தொனி, ரிப்பீற்றர் (குரலை வாங்கி வேறு அலைவரிசையில் திரும்ப விடும் நிலையம்) இடைவெளி மூன்றையும் போட முடியவேண்டும். டி.எம்.ஆர். செற்கள் வணிகப் பாவனைக்குப் பிறந்தவை. எல்லாவற்றையும் முன்கூட்டியே கம்பியூட்டரில் எழுதி ஏற்றுவது அவற்றின் வழக்கம். வெள்ளத்தில் யாராவது "இந்த அலைவரிசைக்கு வாங்க" என்று சொன்னால், கரண்ட் இல்லாத வீட்டில் மடிக்கணினி தேடிக்கொண்டிருக்க முடியாது. இந்த ஒன்று இல்லாவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தச் செற்றை விட்டுவிடுங்கள். உள்ளங்கையளவு மினி மொபைல்களில் இன்னொரு குறை: ரிசீவர் முழுவதும் ஒரே சிப். போன் கோபுரத்துக்குப் பக்கத்தால் போகும்போது அது திணறி, தூரத்துக் குரலைத் தவறவிடும்.

டி.எம்.ஆரில் முதல் நாள் எல்லோருக்கும் வருகிற கரைச்சல் ஒன்றுதான்: லைட் எரிகிறது, குரல் இல்லை. அலைவரிசை சரியாக இருந்தாலும் கலர் கோட் (சனலின் அடையாள எண்), ஸ்லொட் (மாறி மாறி வரும் இரண்டு துண்டுகளில் ஒன்று), டோக்குரூப் (குழு எண்) மூன்றும் பொருந்தாவிட்டால் செற் வாயைத் திறக்காது. ரிப்பீற்றர் இல்லாமல் நேரே கதைக்க உலக வழக்கம் கலர் கோட் 1, ஸ்லொட் 1, டோக்குரூப் 99. மூன்று பேரும் இதையே போட்டு, 99 ஐ ரிசீவ் குரூப் பட்டியலிலும் சேருங்கள். பலர் மறப்பது அந்தப் பட்டியலைத்தான். ரிப்பீற்றரோ வலையமைப்போ பாவிக்க 7 இலக்க ஐ.டி. வேண்டும். உரிமத்தின் படத்தைக் காட்டி ரேடியோ ஐ.டி. பதிவேட்டில் இலவசமாக எடுக்கலாம். இலங்கை எண்கள் 413 இல் தொடங்கும். குறியாக்கம் என்ற வசதி செற்றில் இருந்தால் அணைத்தே வையுங்கள். கருத்தை மறைத்துப் பேச அமெச்சூர் சேவை இடம் கொடுப்பதில்லை.

வீட்டில் ஹொட்ஸ்பொட் (செற்றை இன்ரநெற்றோடு இணைக்கும் சின்னக் கருவி) வைத்தால் உலகம் முழுவதும் கதைக்கலாம் என்பது உண்மை. ஆனால் அது ஏறிப்போவது இன்ரநெற்றில். கோபுரம் சாய்ந்தால், ரௌட்டர் அணைந்தால், அதுவும் சேர்ந்து போகும். ஹொட்ஸ்பொட் விடுவது 10 மில்லிவாற்று அளவுதான்; 50 வாற்று செற்றை அதற்குப் பக்கத்தில் வைத்துக் கதைக்கும் பொத்தானை அமத்தினால் ஹொட்ஸ்பொட்டின் காது அடைத்துவிடும். செற்றை ஆகக் குறைந்த வாற்றில் வைத்து, ஹொட்ஸ்பொட்டைத் தள்ளி வையுங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அம்பாந்தோட்டையிலிருந்து நமது நாட்டு அமெச்சூர்காரர்கள் கொழும்போடு தொடர்பு கொடுத்தது சிற்றலையில், எந்த வலையமைப்பின் தயவும் இல்லாமல். உங்கள் வெள்ளத் திட்டத்தின் அடித்தளமும் அப்படியே 2 மீற்றர் எஃப்.எம். நேரடிச் சனலாக இருக்கட்டும். மூன்று வீட்டிலும் ஒரே சனல் எண்ணில் அதைப் பதிந்து வையுங்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். 50 வாற்றில் கதைக்கும்போது செற் 10 முதல் 12 அம்பியர் இழுக்கும். வீட்டில் 13.8 வோல்ற்று, 20 அம்பியர் தாங்கும் பவர் சப்ளை வேண்டும். வானில் சிகரெட் லைட்டர் துளையில் செருகவே கூடாது. பற்றரி முனையிலிருந்து நேராக வயர் இழுத்து, முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் வையுங்கள். 4 மீற்றர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால், போக வர 8 மீற்றரில் 10 அம்பியருக்கு 0.9 வோல்ற்று விழும்; 4 சதுர மில்லிமீற்றரில் 0.35 மட்டும். குறைந்த வாற்றில் நன்றாக இருந்து, கூடிய வாற்றில் அமத்தினவுடன் செற் அணைந்து எழும்பினால் குற்றம் இந்த வயரில்தான். மல்ரிமீற்றரைச் செற்றின் பின்பக்கத்தில் வைத்து அமத்திப் பாருங்கள். 12 வோல்ற்றுக்குக் கீழே போகக்கூடாது.

கரண்ட் இல்லாத நாளுக்கு 45 அம்பியர்-மணி பற்றரி ஒன்று. பத்தில் ஒரு பங்கு நேரம் முழு வாற்றில் எஃப்.எம். கதைத்தால், பற்றரியின் பாதியை மட்டும் எடுப்பதாக வைத்தாலும் 15 மணித்தியாலம் ஓடும். குறைந்த வாற்றுக்கு இறக்கினால் ஒரு நாள் முழுக்க.

அன்ரெனாவை வாங்காமலே செய்யலாம். கேபிள் பூட்டும் எஸ்.ஓ.-239 சொக்கெற் ஒன்றின் நடு ஊசியில் 49 சென்ரிமீற்றர் பித்தளைக் கம்பியை ஈயம் வைத்து நிமிர்த்துங்கள். நான்கு மூலைத் துளைகளிலும் 52 சென்ரிமீற்றர் கம்பி நான்கைப் பூட்டி 45 பாகை கீழே வளைத்துவிடுங்கள். இதே அன்ரெனா 70 சென்ரிமீற்றரிலும் ஏற்கும், ஆனால் அங்கே அலை கொஞ்சம் மேல்நோக்கிப் போகும். எஸ்.டபிள்யூ.ஆர். (அன்ரெனாவிலிருந்து அலை எவ்வளவு திரும்புகிறது என்ற அளவு) 1.5 க்குக் கீழே வரும்வரை நடுக்கம்பியை இரண்டிரண்டு மில்லிமீற்றராக நறுக்குங்கள்; 2 க்கு மேல் இருந்தால் முழு வாற்றில் அமத்த வேண்டாம்.

நமது கரையில் செற்றைவிட முதலில் சாவது அன்ரெனாவும் கேபிளும் சேரும் இணைப்பு. கேபிளின் நுனியிலுள்ள பி.எல்.-259 முனையின் நூலுக்குள் உப்புக்காற்று புகுந்தால் சில மாதங்களில் பச்சை பூக்கும். பிறகு மழை நீர் கேபிளின் பின்னலுக்குள் இறங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. முனையை இறுக்கியபின், தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் நாடாவை இரண்டு மடங்காக இழுத்துக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓட்டு வீட்டு ஓடுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறட்டும். அதற்குமேல் சாதாரணக் கறுப்பு நாடா ஒரு சுற்று, வெயிலுக்கு. கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு வளையம் தொங்கட்டும், நீர் அங்கேயே சொட்டிவிடும். பித்தளையையும் அலுமினியத்தையும் நேரே தொடவிடாமல் துருப்பிடிக்காத உருக்கு வோஷரை நடுவில் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்குப் பைப்பை மண்ணோடு இணைத்து வையுங்கள். மாலையில் மேற்கே, படுவான்கரைப் பக்கம் கறுத்தவுடனே கேபிளைச் செற்றிலிருந்து கழற்றுங்கள். மின்னலைக் கண்டபின் கழற்றப் போகாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால், ஓடர் போடுமுன் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியை எடுங்கள். இல்லாவிட்டால் சுங்கத்தில் நிற்கும். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டப்படி வானொலிக் கருவி பாவிப்பதற்கே உரிமம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. நண்பர்கள் இருவரிடமும் அது இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் செற்களில் பல 136 முதல் 174 மெகாஹேர்ட்ஸ் வரை திறந்தே வரும். அதில் மீன்பிடிப் படகுகள் கூப்பிடுகிற 156.8 உம் அடங்கும். உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கும் எல்லைக்கு வெளியே கதைக்க முடியாதபடி முதல் நாளே பூட்டிவிடுங்கள்.

பூட்டி முடிந்ததும் தூரத்தைப் பரீட்சிக்க, காற்று விழுந்து கடல் குளம்போல் கிடக்கும் விடியற்காலையைத் தெரிவு செய்யாதீர்கள். அப்படியான நேரத்தில் கடலுக்கு மேலுள்ள காற்றுப் படை குழாய்போல் வேலை செய்து, வழமையாக எட்டாத ஊர்க் குரலையும் கொண்டுவரும். மூன்று வேறு நாட்களில், மதியத்தில், ஒருநாள் மழையோடும் சேர்த்து, அக்கரைப்பற்று நண்பரைக் கூப்பிட்டுப் பாருங்கள். மூன்று நாளும் கேட்டால் மட்டும் அதை உங்கள் எல்லைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.