ஸ்பீக்கரில் கோளாறு இல்லை

அமெரிக்க ராக் இசைக்குழு ஸ்டூஜஸின் 'ஃபன் ஹவுஸ்' ஆல்பத்தைக் கேட்டுக் கிறங்கிப்போய், 2007இல் வந்த அவர்களின் 'தி வியர்ட்னஸ்' வாங்கியிருக்கிறீர்கள். மூன்று முறை கேட்டும் ஒட்டவில்லை, ஸ்பீக்கரில் கோளாறா, விற்றுவிடலாமா என்கிறீர்கள். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது நண்பரே. எனக்கும் மனசு வலித்த ஆல்பம் அது.

1970இல் 'ஃபன் ஹவுஸ்' பதிவானபோது மேடையில் நிற்பதுபோலவே எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப அடித்து, சூடேறியதை எடுத்துக்கொண்டார்கள். டேவ் அலெக்சாண்டரின் பேஸ் கிதார் தரையோடு ஊர்ந்து வரும். இக்கி பாப்பின் குரல் கிதாருக்குள் சிக்கி, அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். 2007இலும் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினி பூச்சு இல்லாமல்தான் பதிவு செய்தார். ஆனால் குரல் தனியாக முன்னால் வந்து நிற்கிறது, வரிகளின் மெலிவு மறைய இடமில்லை. மைக் வாட் போன்ற பேஸ் கலைஞர் இருந்தும் அவரைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. ரான் ஆஷ்டனின் கிதாரை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

அவருக்காகவே விற்காதீர்கள். 2009 ஜனவரியில் அவர் இறந்துபோனார். ஸ்டூஜஸோடு அவர் வாசித்த கடைசி ஸ்டுடியோ ஆல்பம் இதுதான்.

வயதாகிவிட்டதால் இப்படி என்று நினைத்தால், 2004இல் டோக்கியோ மேடையில் பதிவான 'டெலூரிக் கேயாஸ்' கேளுங்கள். அதே ஆட்கள், பழைய பாட்டுகள், நெருப்பு. ஸ்டீவ் மெக்கேயின் சாக்ஸபோன் நுழையும்போது சத்தத்தைக் கூட்டிவிடுங்கள்.