இதுவரை தொடாத அலமாரி: வாசிப்பு கேள்வி பதில்

சரித்திர நாவல்கள் மட்டுமே படித்துப் பழகியவன் நான். அறிவியல் புனைகதை படிக்க இரண்டு முறை முயன்றேன், முப்பது பக்கம் தாண்டவில்லை. ஒரே புரியாத சொற்கள், புரியாத உலகம். எங்கே தொடங்கலாம்?

புரியாத உலகம் உங்களுக்குப் புதிதில்லை. பொன்னியின் செல்வனை முதலில் கையில் எடுத்தபோது பழுவேட்டரையர் யார், யாருக்கு யார் மேல் பகை என்று எதுவும் தெரியாமல்தானே வந்தியத்தேவனோடு வீராணம் ஏரிக்கரையில் போனீர்கள்? போகப் போக விளங்கும் என்று கல்கியை நம்பினீர்கள். அதே நம்பிக்கையை இங்கேயும் கொடுங்கள். அறிவியல் புனைகதையில் விளக்கம் முன்னால் வராது. சின்னச் சின்ன விவரங்களாகத்தான் வரும், அவற்றைச் சேர்த்துப் பார்ப்பதே இந்த வகையின் ருசி.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் தொடங்குங்கள். அதில் எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான்: நிலா, சிபி, ரவி, ஜீவா. குழந்தை பெற்றுக்கொள்ளக்கூட அரசின் அனுமதி வேண்டும். அது எந்த மாதிரி ஆட்சி என்று புரிந்துகொள்ள இந்த இரண்டு விவரமே போதும். ஆட்சி, சதி, அதிகாரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ரகசியம் என்று நீங்கள் சரித்திர நாவலில் ரசித்ததெல்லாம் இதிலும் உண்டு. கூடவே ஜீனோ என்கிற இயந்திர நாய். அதை உங்களுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும்.

அக்கா, கதை என்றால் விடிய விடியப் படிப்பேன். கட்டுரை, வரலாறு என்று எடுத்தால் பத்தாவது பக்கத்தில் தூக்கம் வந்துவிடுகிறது.

தன்வரலாறு வழியாக உள்ளே வாருங்கள். நடந்த விஷயம்தான், ஆனால் கதை போல ஓடும். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதனால் அத்தியாயங்கள் சின்னவை, தினம் ஒன்று படிக்கலாம்.

அதில் ஒரு இடம் உங்கள் கேள்விக்கே பதில் மாதிரி இருக்கும். ஆண்டு 1880. உ.வே.சா. ஏற்கெனவே கல்லூரியில் தமிழாசிரியர். சேலம் இராமசாமி முதலியார் என்கிற முன்சீபைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று நீளமாக அடுக்குகிறார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். அதுவரை படித்ததில்லை. அத்தனை நூல் கற்றவருக்கும் தொடாத அலமாரி ஒன்று இருந்தது!

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சிந்தாமணி சமணக் காப்பியம். சைவ நூல்களில் ஊறியவருக்கு அதன் சொற்களும் கொள்கைகளும் பிடிபடவில்லை. கூச்சப்படாமல் சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-இல் சிந்தாமணி அவர் பதிப்பாக வெளிவந்தது. இந்தப் பகுதியை நான் எத்தனை முறை படித்தாலும் உடனே ஒரு புதுப் புத்தகம் எடுக்கத் தோன்றும்.

எத்தனை பக்கம் வரை பொறுக்கலாம்?

பழகிய வகை என்றால் முப்பது, புது வகை என்றால் அறுபது. சிறுகதைத் தொகுப்பு என்றால் மூன்று கதை. அதற்கு மேல் உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம்.

ரஷ்ய நாவல்கள் மொழிபெயர்ப்பில் கிடைக்கின்றன. ஆனால் பெயர்களில் தலை சுற்றுகிறது. ஒருவரே இருவராக வருகிறார்!

உண்மையிலேயே ஒருவருக்கு இரண்டு மூன்று பெயர் உண்டு. சொந்தப் பெயர், அப்பா பெயரிலிருந்து வரும் இடைப்பெயர், குடும்பப் பெயர், அது போக வீட்டுச் செல்லப் பெயர். அலெக்ஸியை அன்பாகக் கூப்பிட்டால் அல்யோஷா, திமித்ரியைக் கூப்பிட்டால் மீத்யா. நானும் ஒரு தடித்த நாவலை இதனாலேயே மூன்று முறை மூடி வைத்தேன். நான்காம் முறை ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் ஆளுக்கு ஒரு வரி எழுதி, எல்லாப் பெயரையும் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். நூறாவது பக்கத்துக்கு மேல் அந்தத் தாளே தேவைப்படவில்லை. யார் எந்தப் பெயரால் கூப்பிடுகிறார் என்பதிலேயே அவர்களுக்குள் உள்ள நெருக்கம் தெரிந்துவிடும், அதையும் கவனியுங்கள்.

கவிதை என்றாலே பயம். பொருள் தெரியாமல் படித்து என்ன பயன்?

நாவல் படிக்கும் வேகத்தில் கவிதையைப் படித்தால் எதுவும் நிற்காது. குறுந்தொகையை உரையோடு எடுங்கள். 4 முதல் 8 அடிதான், நாளுக்கு ஒன்று போதும். முதலில் வாய்விட்டு இரண்டு முறை படியுங்கள், உரையை அப்புறம் பாருங்கள். 40-ஆவது பாட்டில் தொடங்கச் சொல்வேன். முன்பின் தெரியாத இருவரின் மனம் கலந்ததற்கு, செம்மண்ணில் பெய்த மழைநீரைச் சொல்கிற பாட்டு. எழுதியவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த உவமையையே பெயராக்கி செம்புலப்பெயனீரார் என்கிறோம். மண்ணில் விழுந்த பிறகு அந்தத் தண்ணீரின் நிறம் என்ன என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். பொருள் தானாக வரும்.

பேய்க்கதை படிக்க ஆசை, தைரியம் இல்லை.

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. சிறுகதைதான். பகலில் படியுங்கள்.

யாரைக் கேட்டாலும் அதே பத்துப் புத்தகத்தைத்தான் சொல்கிறார்கள். எப்படிக் கேட்பது?

'நல்லதா ஒன்று சொல்லுங்கள்' என்று கேட்டால் அந்தப் பத்துதான் வரும். கடைசியாக முழுதாக முடித்த மூன்று புத்தகங்களைச் சொல்லுங்கள். பாதியில் வைத்த ஒன்றையும், எந்த இடத்தில் வைத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எனக்கு அந்தக் கைவிட்ட புத்தகம்தான் அதிகம் சொல்லும். இன்னும் சிலர் 'ஏதாவது ஒன்று' என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். இந்த நான்கையும் எழுதி மறுபடி கேளுங்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்கிறேன்.